வெட்டுவதற்காக நெய்த ரிப்பன்

ஒரு நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் ஓர் ஊசி, கொஞ்சம் ரத்தம், ஒரு சோதனைக் கிட், அரை மணி நேரம் என்று சொல்லிவிடுவார்கள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் காசிநாதனும் அப்படி நினைத்துக்கொண்டிருந்த அப்பாவிதான். கல்வெட்டு, குத்துவிளக்கு, பொன்னாடை, சென்னையிலிருந்து வரும் சிறப்பு விருந்தினர், குறுக்கே கட்ட ஒரு ரிப்பன், இத்தனையும் வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டான்.

காசிநாதன் பட்டு நெசவாளி. வயது இருபத்தெட்டு. கார்த்திகை மாதம் கல்யாணம். பெண் இரண்டு தெரு தள்ளி இருந்த ஏலவார்குழலி. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் பில் போடுகிறவள். கூறைப்புடவையை மாப்பிள்ளையே தன் கையால் நெய்ய வேண்டும் என்பது காசிநாதன் வீட்டு வழக்கம். அதற்கான பாவு, அதாவது நெடுக்கு நூல், தறியில் ஏறிவிட்டது. மனிதன் சந்தோஷமாக இருக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் சந்தோஷம் தலைக்கேறி, வைகாசி கருட சேவைக் கூட்டத்தில் நண்பன் கமலோடு போய்ப் பச்சை குத்திக்கொண்டான்.

ரோட்டோரத்தில் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் முதலில் கமல் கையில் 'அம்மா' என்று குத்தினான். அதே ஊசியை ஒரு துணியில் துடைத்துவிட்டுக் காசிநாதன் பக்கம் திரும்பினான். இடது முன்கையில் 'ஏலவார்குழலி' என்று ஏழு எழுத்து. கமலா, விமலா என்று பெயர் இருந்திருந்தால் மூன்று எழுத்தோடு தப்பித்திருக்கலாம்.

ஆடி மாதக் கடைசியில் கமல் போன் செய்தான். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவன். கம்பெனி முகாமில் ரத்த தானம் கொடுத்திருந்தான்.

"மச்சான், எனக்கு எச்.ஐ.வி. இருக்குதாம்டா. சென்னையில மாத்திரை ஆரம்பிச்சுட்டாங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா பயம் இல்லன்னு டாக்டர் சொல்றாரு. ஆனா நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஊசிடா. நீயும் போய்ப் பாத்துடு. கல்யாணம் வேற வெச்சுக்கினு இருக்கிற."

காசிநாதனுக்கு அன்றைக்குத் தறியில் உட்கார முடியவில்லை. செத்துப்போவோம் என்ற பயம்கூடப் பிறகுதான் வந்தது. ஒன்றும் தெரியாமல் ஏலவார்குழலி கழுத்தில் தாலி கட்டிவிடுவோமோ என்ற பயம்தான் முதலில் வந்தது. கார்த்திகைக்கு முன்னால் தெரிந்தாக வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனான். வழக்கமாக அந்தச் சோதனை நடக்கும் அறை பூட்டியிருந்தது. 'மேம்பட்ட சேவைக்காக மூடப்பட்டுள்ளது' என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். மேம்பட்ட சேவை நாலு தெரு தள்ளி, பளபளவென்று ஒரு புதுக் கட்டடமாக நின்றது. 'அதிவிரைவு முன்கண்டறிதல் மையம்' என்று பலகை. வாசலில் மேசை போட்டு முனுசாமி என்ற ஊழியர் உட்கார்ந்திருந்தார்.

"பேரெல்லாம் சொல்லாத. இங்க எல்லாம் ரகசியம். நம்பர்தான்" என்றார் முனுசாமி. சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். பிறகு உள்ளே பார்த்து, காலை நேரத்து ரோடு முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்: "சார்! ரகசிய எண் ஒண்ணு வந்துக்கினு இருக்குது! பிள்ளையார்பாளையம் ஆளு, எச்.ஐ.வி. டெஸ்ட்டுக்கு!"

உள்ளே மையத்தின் ஒருங்கிணைப்பாளர் ராமராஜன் எழுந்து நின்று வரவேற்றார். சோதனைக்கு வந்தவனை ஓர் அதிகாரி எழுந்து நின்று வரவேற்றதைக் காசிநாதன் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டான். கம்ப்யூட்டரில் பதிவு நடந்தது.

"காரணம்?"

"பச்சை குத்தின ஊசி சார்."

ராமராஜன் புன்னகை செய்தார். எல்லாம் தெரிந்தவர்கள் செய்யும் புன்னகை. "எல்லாரும் ஊசின்னுதான்பா சொல்றாங்க. பரவாயில்ல, இதுல ஊசிக்குக் கட்டம் கிடையாது. லாரி ஓட்டுவீங்களா?"

"தறி ஓட்டுறேன் சார்."

"தறிக்கும் கட்டம் இல்லியே" என்று வருத்தப்பட்ட ராமராஜன் 'இதர' என்பதை அழுத்தினார். "சரி, பதிவாயிடுச்சு. நீங்கதான் நம்ம மையத்தோட முதல் பயனாளி!"

"ரத்தம் எப்ப சார் எடுப்பீங்க?"

"திறப்பு விழா ஆனவுடனே."

பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு நின்ற ஆய்வக உதவியாளர் லில்லி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சார், கிட் எல்லாம் இருக்குது. அரை மணி நேர வேலை. நான் வேணா இப்பவே…"

"லில்லி, கிட் பெட்டிமேல சீல் இருக்குது. அதச் சிறப்பு விருந்தினர்தான் உடைக்கணும். முன்கூட்டியே கண்டுபிடிக்கிறதுதான் நம்ம உயிர்மூச்சு. அதுக்காக அவசரப்பட முடியுமா?"

காசிநாதன் ஒன்றும் மூளை இல்லாதவன் அல்ல. இரண்டு நாள் கழித்து பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போனான். அங்கே சீட்டைப் பார்த்தவுடனே கையை விரித்துவிட்டார்கள். "உங்க நம்பர் காஞ்சிபுரத்துல ஓப்பன்ல இருக்குது. அங்க டெஸ்ட் முடிச்சு க்ளோஸ் பண்ணாத்தான் இங்க டெஸ்ட் எடுக்க முடியும்." டெஸ்ட் முடித்த பிறகு இங்கே எதற்கு வர வேண்டும் என்று அவன் கேட்டதற்கு, அதைக் காஞ்சிபுரத்தில் கேட்கச் சொன்னார்கள். தனியார் லேபில் பார்க்கலாம் என்றால், ஊரில் அவனுக்குத் தெரிந்த ஒரே லேபில் சீட்டு எழுதுகிறவள் ஏலவார்குழலியின் மாமா மகள்.

ஆகவே மறுபடி ராமராஜனிடமே போய் நின்றான். திறப்பு விழா எதனால் தாமதம் என்று பணிவாகக் கேட்டான்.

"ரிப்பன்பா. காஞ்சிபுரத்துல திறக்கிற மையத்துக்குச் சாதா ரிப்பன் கட்டினா சிறப்பு விருந்தினரா வர்ற மேடம் என்ன நினைப்பாங்க? பட்டு ரிப்பன் வேணும்" என்றவர், காசிநாதனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க நெசவுதானே?"

காசிநாதன் கூறைப்புடவைப் பாவைத் தறியிலிருந்து கழற்றி வைத்தான். நாலு விரல் அகலத்துக்குத் தனியாகப் பாவு போட்டான். இங்கேதான் அவன் ஒரு தப்பு செய்தான். தலைமுறை தலைமுறையாக நெசவு செய்கிற வீட்டில் பிறந்தவன்தான் செய்யக்கூடிய தப்பு. நன்றாக நெய்துவிட்டான். முறுக்கேற்றிய இழையை மூன்றாகச் சேர்த்துப் பாவு, குறுக்கே கெட்டியான ஊடை நூல், இரண்டு ஓரத்திலும் வெள்ளிச் சரிகை. ஐம்பது வருஷம் பெட்டியில் கிடந்தாலும் பேத்தி எடுத்துக் கட்டலாம் என்கிற பட்டு. வெட்டுவதற்காக ஒரு துணியை நெய்யச் சொல்வார்கள் என்று அவன் வம்சத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்?

ரிப்பன் வந்தது, விழா வரவில்லை. முதல் தேதியில், சிறப்பு விருந்தினர் 'சோதனைகளில் தாமதத்தைத் தவிர்ப்பது எப்படி' என்ற மாநாட்டுக்கு ஊட்டி போயிருந்தார். மாநாடு முடிய மூன்று நாள் தாமதமாகிவிட்டது. இரண்டாவது தேதியில், கல்வெட்டில் அவருடைய இனிஷியல் மாறிப்போய், வேறு கல் செதுக்கக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. காசிநாதன் இளைத்துப்போனான். கல்யாண ஏக்கம் என்று தெருவில் கேலி செய்தார்கள்.

இடையில் ஒருநாள் ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள். நாற்காலியில் உட்கார வைத்து, இடது கையை நீட்டச் சொல்லி, மூடி கழற்றாத ஊசியை லில்லி பிடித்துக்கொண்டு நிற்கப் போட்டோ எடுத்தார்கள். "முகம் தெரியாதுல்ல சார்?" என்று மூன்று முறை கேட்டான். "ரகசியம்தான்பா எங்க முதல் கடமை" என்றார் ராமராஜன்.

கடைசியில் ஐப்பசி இருபதாம் தேதி, கல்யாணத்துக்குப் பதினேழு நாள் இருக்கும்போது, விழா நிச்சயமாயிற்று.

காலை ஏழு மணிக்கே காசிநாதனைக் கொண்டுபோய்ச் சோதனை அறை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். துணைக்கு லில்லி. பிறகு வாசல் நிலையின் இரண்டு பக்கமும் ஆணி அடித்து அவன் நெய்த ரிப்பனைக் குறுக்கே கட்டினார்கள். அரக்கு நிறத்தில் அது வெயிலில் ஜொலித்தது. விருந்தினர் ஒன்பது மணிக்கு வருவதாக ஏற்பாடு. பத்தாயிற்று, பதினொன்றாயிற்று. காசிநாதனுக்குச் சிறுநீர் முட்டியது.

"சார், ஒரு நிமிஷம் வெளிய போய்ட்டு வந்துடறேன்."

ராமராஜன் பதறிப்போனார். "ரிப்பனத் தாண்டக் கூடாது! ரிப்பனுக்கு இந்தப் பக்கம் வந்தா நீங்க பொதுமக்கள். அந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும்தான் பயனாளி. மறுபடி உள்ள போகணும்னா திறந்த பின்னாடிதான் போகணும்."

"குனிஞ்சு வந்துடறேன் சார்."

"முதல் பயனாளி குனியலாமாபா?"

லில்லி தலையைக் கவிழ்த்துக்கொண்டு, கையுறைப் பெட்டியை இரண்டாம் முறையாக அடுக்கினாள். காசிநாதன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். தான் நெய்த பட்டே தன்னை உள்ளே வைத்துப் பூட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவனால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. அவனுக்கு அழுகை வந்தது. பயனாளி அழலாமா என்பது பற்றி யாரும் சொல்லாததால் அடக்கிக்கொண்டான்.

ஒன்றரை மணிக்குச் சிறப்பு விருந்தினரான இணை இயக்குநர் துர்காதேவி வந்து இறங்கினார். குத்துவிளக்கு ஏற்றியாயிற்று. மைக் அவர் கைக்குப் போயிற்று.

"நண்பர்களே, நம்முடைய துறை செய்திருக்கும் சாதனையைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். போன வருடம் இந்த வட்டாரத்தில் நோய் முற்றிய பிறகு, தாமதமாகக் கண்டறியப்பட்டவர்கள் நாற்பது பேர். இந்த வருடம் எத்தனை தெரியுமா? இருபது! பாதியாகக் குறைத்துவிட்டோம். எப்படிக் குறைத்தோம்? சும்மாவா? பன்னிரண்டு சோதனை அறைகளில் ஆறை மூடினோம்! மீதி ஆறையும் மூடி, இந்த மாதிரி மையமாக மாற்றிவிட்டால், தாமதக் கண்டறிதல் பூஜ்யம் என்ற இலக்கை அடைந்துவிடலாம்!"

பலத்த கைதட்டல். கைதட்டியவர்களில் பெரும்பாலோர் துறை ஊழியர்கள். மற்றவர்கள் சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர்கள்.

அடுத்து ராமராஜன். "நூறு பேரை இந்த வருஷம் கண்டுபிடிக்கணும்னு மேடம் டார்கெட் கொடுத்திருக்காங்க. நூறு பேருக்கு இருந்தே ஆகணும்! முதல் ஆள் ரெடியா உள்ள உட்காந்திருக்காரு. நல்ல ரிசல்ட்டா வரணும்னு எல்லாரும் வேண்டிக்குங்க. நெகட்டிவ்னு வந்துட்டா அது நமக்குக் கணக்குல வராது."

கூட்டத்தில் இரண்டு பேர் உண்மையிலேயே கண்ணை மூடி வேண்டிக்கொண்டார்கள்.

பிறகு வெள்ளித்தட்டில் கத்தரிக்கோல் வந்தது. தங்கமுலாம் பூசிய கத்தரிக்கோல். துர்காதேவி கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வெட்டினார். ரிப்பன் மடங்கிக்கொண்டதே தவிர அறுபடவில்லை. சிரிப்பு மாறாமல் இன்னொரு தடவை வெட்டினார். சரிகை ஓரத்தில் கத்தரிக்கோல் வழுக்கிக்கொண்டு போயிற்று. ராமராஜன் வாங்கி வெட்டிப் பார்த்தார். முனுசாமி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அழுத்தினார்; கத்தரிக்கோலின் திருகாணி தெறித்து எங்கோ விழுந்தது.

உள்ளே நாற்காலியில் இருந்த காசிநாதனுக்கு, சொன்னால் வெட்கம், ஒரு கணம் பெருமையாக இருந்தது. அடுத்த கணமே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"மேடம், உள்ள இருந்து நான் முடிச்சை அவுத்துடட்டுமா?" என்று கேட்டான்.

"அவுக்கக் கூடாது!" என்று கத்தினார் ராமராஜன். "வெட்டினாத்தான் திறப்பு. அவுத்தா அது வெறும் கதவு."

துர்காதேவி கேமராக்காரரிடம் போய்ப் படத்தைப் பார்த்தார். கத்தரிக்கோல் ரிப்பனைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் முகம் நன்றாக விழுந்திருந்தது. "போட்டோவுல வெட்டின மாதிரிதானே இருக்கு? திறந்தாச்சு" என்று அறிவித்தார். பெட்டியின் சீலையும் அதே மாதிரி படத்தில் உடைத்தார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ரிப்பன் அப்படியே நின்றது.

அப்போதுதான் ரோட்டிலிருந்து ஏலவார்குழலி வந்தாள். கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள் பேனாவோடு வந்திருந்தாள். வாசலில் காவலுக்கு நின்ற முனுசாமி ஏதோ சொல்வதற்குள் ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்துவிட்டாள்.

காசிநாதன் எழுந்து நின்றான். "நீ எப்படி…"

"காந்தி ரோட்ல ஆளுயரத்துக்கு பேனர் வெச்சிருக்கிறாங்க. 'முதல் பயனாளி, ரகசியம் காப்போம்'னு. உங்க மூஞ்சிய மறைச்சுட்டாங்க. கையில என் பேரு பளிச்சுன்னு தெரியுது. காலையிலருந்து கடைக்கு வர்றவங்க எல்லாம் எனக்குத்தான் எய்ட்ஸ்னு என்னையே பாத்துக்கினு போறாங்க. என்னாங்க இது?"

அவன் சொன்னான். கருட சேவை, கமல், போன், ரகசிய எண், செங்கல்பட்டு, ரிப்பன், எல்லாம். "ஊசிதான். வேற ஒண்ணும் இல்ல, சத்தியமா. உங்கிட்ட சொல்லணும்னு தினமும் நினைச்சேன். தெரிஞ்ச பின்னாடி சொல்லலாம்னு இருந்தேன். தெரிஞ்சுக்கவே விடலம்மா இவங்க" என்று சொல்லும்போது மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. வாய்விட்டு அழுதான்.

ஏலவார்குழலி அவன் கையிலிருந்த தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லில்லியிடம் திரும்பினாள்.

"ரத்தம் எடுங்க. அவங்க சாப்ட்டு வர்றதுக்குள்ள எடுத்துடுங்க."

லில்லி பெட்டியின் சீலைக் கையாலேயே கிழித்துவிட்டு, அதற்காகவே மூன்று மாதமாகக் காத்திருந்தவள்போல எடுத்தாள். ஒரு கிட்டில் கோடு வந்தால் போதாது, மூன்று வகைக் கிட்டிலும் பார்க்க வேண்டும் என்று விளக்கினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வடைக்கு இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. மூன்றிலும் கோடு வந்தது.

"அண்ணா, இருக்குது" என்றாள் லில்லி. அவன் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்துகொண்டாள். "நான் சொல்றத நல்லா கேளுங்க. இப்பவே தெரிஞ்சுடுச்சு. மாத்திரையத் தினமும் விடாம போட்டா, கிருமி ரத்தத்துல தெரியாத அளவுக்கு அடங்கிடும். அப்படி அடங்கியே இருந்தா உங்ககிட்டருந்து அவங்களுக்குப் போவாது. கல்யாணம் பண்ணிக்கலாம், குழந்தை பெத்துக்கலாம், கிழவனாகிற வரைக்கும் தறியில உட்காரலாம். ஆனா உடனே ஆரம்பிக்கணும். அவ்ளோதான்."

ஏலவார்குழலி காசிநாதன் தோளைத் தொடவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

ராமராஜன் ஏப்பம் விட்டுக்கொண்டே வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "என்ன லில்லி, ரிசல்ட்?"

"சார், அத அவர்கிட்ட மட்டும்தான்…" என்று லில்லி தொடங்குவதற்குள் அவர் மேசைமேல் இருந்த மூன்று கிட்டையும் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது.

"வந்துடுச்சா! மேடம்! மேடம், வந்துடுச்சு! முதல் ஆளே பாசிட்டிவ்!"

துர்காதேவி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "கங்கிராஜுலேஷன்ஸ்!" என்று காசிநாதனை வாசலுக்கு அழைத்து, ரிப்பனுக்கு மேலாக அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். மிச்சமிருந்த ஒரு பொன்னாடையை ராமராஜனும் அதே மாதிரி கையை நீட்டி அவன் தோளில் போர்த்தினார். கேமராக்காரர் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். கூட்டம் எதற்கு என்று கேட்காமலே கைதட்டியது.

காசிநாதன் பொன்னாடையோடு நின்றான். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் அவனிடம் இருந்தது. "மாத்திரை எப்ப சார் குடுப்பீங்க?"

"அதுக்குத்தான் தனியா சிகிச்சை மையம் கட்டியிருக்கோமே! பக்கத்துக் கட்டடம். பெயிண்ட் அடிச்சாச்சு, மாத்திரையும் வந்து இறங்கிடுச்சு. எல்லாம் ரெடி" என்றார் ராமராஜன் உற்சாகமாக.

"அப்ப இன்னிக்கே…"

"திறப்பு விழா ஒண்ணுதான் பாக்கி."

"சென்னையில போய் வாங்கிக்கட்டுமா சார்?"

"உங்க நம்பர் இங்கதானேபா ஓப்பன்ல இருக்குது?" ராமராஜன் ரிப்பனைத் தடவிப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "நீங்க ஒண்ணு பண்ணுங்க. அந்த மையத்துக்கும் ஒரு ரிப்பன் நெய்ஞ்சு குடுத்துடுங்க. எவ்ளோ சீக்கிரம் குடுக்கிறீங்களோ அவ்ளோ சீக்கிரம் திறந்துடலாம். ஆனா இந்தத் தடவை கொஞ்சம் சுமாரா நெய்யுங்கபா. இவ்ளோ நல்லா நெய்ஞ்சா எப்படி வெட்டறது?"

மறுநாள் காலையிலேயே காசிநாதன் பாவு போட்டான். முறுக்கில்லாத ஒற்றை இழை. ஊடையை நெருக்காமல், இழைக்கு இழை இடைவெளி விட்டான். கை அப்படிப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஊடையை நெருக்கும் பலகையைத் தட்டும்போதெல்லாம் பழக்கத்தில் கெட்டியாகத் தட்டிவிட்டு, பிரித்துவிட்டு, மறுபடி மெதுவாகத் தட்டினான்.

கடைக்கு லீவு போட்டுவிட்டு ஏலவார்குழலி வந்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருக்க உள்ளே வந்து, தறிக்கு மறுபக்கம் உட்கார்ந்து, அறுந்த இழைகளை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். "கல்யாணப் பேச்சு இப்ப பேசாதீங்க. எனக்கு யோசிக்கணும். மொதல்ல மாத்திரை" என்றாள். அவன் தலையாட்டினான்.

ஒரு சாண் ஆனதும் அவன் அதை வெட்டி எடுத்து இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பார்த்தான். பழைய செய்தித்தாள்போலக் கிழிந்தது. அவன் நெய்த துணி அவன் கையிலேயே கிழிந்தது அதுதான் முதல் தடவை. ஏலவார்குழலி கிழிந்த துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதான் சரி" என்றாள். "இதே மாதிரி ரெண்டு முழம் நெய்யுங்க."